போமட் அடிக்க முன்

2025 ஜூலை 8, செவ்வாய், கல்முனை

மருதமுனையிலிருந்து ஒரு காக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைத்தறிச் சாரன், சாரி வியாபாரம். "தம்பி, கணக்குப் புரோகிராமைத் திறந்தாப் போதும், பேன் கத்துது, மவுஸும் அசையுதில்ல. போமட் அடிச்சுத் தாங்க."

ஒக்டோபர் 14இல் வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது, மெஷினையே மாற்றுங்கள் என்று யாரோ பயமும் காட்டியிருக்கிறார்கள். அது பாதுகாப்பு விஷயம். இந்த இறுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருடக்கணக்கான கொடுக்கல் வாங்கல் உள்ளே கிடக்கிறது. காரணம் தெரியாமல் அழிக்க எனக்கு மனம் வராது.

புரோகிராமைத் திறந்தேன். டாஸ்க் மெனேஜரில் புரொசஸர் 100 வீதம். அதில் புரோகிராமின் பங்கு 25தான். நாலு கோர் மெஷினில் 25 என்றால் ஒரு கோர் முழுக்க வேலை செய்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வின்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டருடையது.

ஜூலை 9, புதன்

டிஃபென்டர் எதைச் சோதிக்க இப்படி ஓடுகிறது? பவர்ஷெல்லில் நியூ-எம்பி-பெர்ஃபோமன்ஸ்-ரெக்கோடிங் கொடுத்து, பதிவு நடக்கும்போதே புரோகிராமைத் திறந்தேன். எந்த ஃபைலுக்கு எவ்வளவு நேரம் போனது என்று அறிக்கை வரிசையாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு நல்ல கருவி வின்டோஸுக்குள்ளேயே இருக்க, நாங்கள் போமட்டுக்குத்தான் ஓடுகிறோம்.

எல்லாம் பழைய பில்களின் பிடிஎஃப். பட்டியல் போடுவதற்காக, தொடங்கும்போதெல்லாம் புரோகிராம் ஒன்றுவிடாமல் அத்தனையையும் திறக்கிறது. திறக்கிற ஒவ்வொன்றையும் டிஃபென்டர் சோதிக்கிறது.

அந்த ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கிவிடலாம் என்றான் கடைத் தம்பி. நான் விடவில்லை. ஊரார் பென்டிரைவ் எல்லாம் ஏறி இறங்கும் மெஷின் அது. காக்காவிடம் போனில் கேட்டு, பிரதி எடுத்து, 2023 வரையான பில்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன்.

டிஃபென்டர் அடங்கியது. ஆனால் மெஷின் சூடாகியதும் பழையபடி இறுகியது. இப்போது டாஸ்க் மெனேஜர் 33 வீதத்தைத் தாண்டவே இல்லை! கீழே வேகத்தைப் பார்த்தேன்: 2.40 இருக்க வேண்டிய இடத்தில் 0.79 கிகாஹெர்ட்ஸ். வேகம் விழுந்தால் அந்த வீதமும் கூடவே விழும். முழுக்க மூச்சுத் திணறும் புரொசஸர் சும்மா இருப்பதுபோல் தெரியும். வீதத்தை மட்டும் பார்க்கிறவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

ஜூலை 12, சனி

போயாவும் ஜும்ஆவும் கழிந்து இன்றுதான் கழற்றினேன். காக்கா வீட்டில் தறியும் இருக்கிறது. நூல் பஞ்சும் கச்சான் காற்று கொண்டுவந்த புழுதியும் ஹீட்சிங்க் இடுக்குகளை மெத்தைபோல் அடைத்திருந்தன. துப்புரவாக்கிப் புதிய பேஸ்ட் பூசினேன். சூடானாலும் வேகம் 2.40க்குக் கீழே இறங்கவில்லை.

அஸருக்குப் பிறகு காக்கா வந்து, தானே திறந்து பார்த்தார். மவுஸ் அசைந்தது. தறிப் பக்கம் வைக்க வேண்டாம், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள் என்றேன்.

புரோகிராமின் அந்த 25 வீதம் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் இன்னும் வருகிறது. அது எழுதியவர் திருத்த வேண்டியது. கேட்கும்போது மட்டும் பில்களைத் திறந்தால் போதும் என்று எழுதி, அறிக்கையையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன்.