இரண்டு தவில், இரண்டு செவி

இணுவிலிலே ஒரு வீட்டு விறாந்தையில், பழைய மேளச்சமா ஒன்றின் ஒலிநாடாவை முதியவர் ஒருவரும் அவருடைய பேரனும் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒலிநாடா என்பது இப்போது பேச்சளவில்தான். 1970களிலே சுருள்நாடாவிற் பதிவாகி, பின்னர் கசற்றுக்கு மாறி, மின்சாரமற்றிருந்த 1990களின் முற்பகுதியிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்கப்பட்டு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது உடுப்புப் பையொன்றினுள் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி, ஈற்றில் இறுவட்டாகிக் கைத்தொலைபேசிக்குள் வந்து சேர்ந்த ஒலி அது. நாதசுரம் ஓய்ந்து தவில்கள் இரண்டும் தனி ஆவர்த்தனத்தில் இறங்கிய இடத்தில் முதியவர் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு தம்பி. இப்ப அடிச்சது நானோ, அண்ணையோ?"

"உங்களுக்கே தெரியேல்லையோ, அப்பப்பா?"

"எப்பிடித் தெரியும்? இரண்டும் ஒரே இடத்திலயிருந்தெல்லோ வருகுது."

தமையனார் காலமாகிப் பல ஆண்டுகள். இருவரும் ஒரே தகப்பனாரிடம் தவில் பயின்றவர்கள். விரலின் வாகிலும் சொற்கட்டிலும் வேறுபாடு காண்பது அரிது. மேடையிலே இவர் ஒருபுறமும் அவர் மறுபுறமும் இருந்தமையால், யார் வினவினார், யார் விடையிறுத்தார் என்பது கேட்போருக்குத் தெளிவாகவே இருந்திருக்கும். பதிவிலோ அவ்வேறுபாடு அழிந்துவிட்டது. அக்காலத்திலே கோவில் வீதியில் ஒலிபெருக்கிக்கென ஒரேயோர் ஒலிவாங்கி நாதசுரத்தின் முன் நிறுத்தப்படும். ஒலிபெருக்கிக்காரருக்குத் தெரிந்தவர் எவரேனும் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தால், அதன் கம்பியையும் அதே இணைப்பிற் செருகிக்கொள்வார். அவர் அதனைச் செய்திராவிடில் இவ்வளவும் கிடைத்திராது. ஆகவே குறை கூறுவதற்கில்லை.

தவிலைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிடாது, தவிற் சமாவைக் கேட்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் சென்று விடியும்வரை மணலிற் குந்தியிருந்த இரசிகர் கூட்டம் யாழ்ப்பாணத்திலே இருந்தது. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி அத்தகைய கூட்டத்தின் நடுவே வளர்ந்தவர். தமிழகத்து நாதசுர வித்துவான்களும் விரும்பி அழைத்த கை அவருடையது. அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியத் தேசிய விருதினைப் பெற்றது. அவருடைய வாசிப்பிலும் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தனியார் வீடுகளிற் பேணப்பட்ட பதிவுகளே. அவற்றைக் கேட்கும் இளந்தலைமுறையினர், ஒரு மனிதர் அடித்தாரோ இருவர் அடித்தாரோ என்று திகைக்கும் இடங்கள் உண்டு. இரு தவில் ஒரு தவிலாகும்போது கற்பனை கூடியதுபோலத் தோன்றலாம். உரையாடல் மட்டும் போய்விடுகிறது.

அவ்வாண்டு ஊர்க்கோவிற் பூங்காவனத் திருவிழாவிலே, மேடையைவிட்டு நெடுங்காலம் ஒதுங்கியிருந்த அம்முதியவர், தமையனாரின் மகனுடன் ஒரேயொரு தனி வாசிப்பதற்கு உடன்பட்டிருந்தார். மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகளை நோக்குமிடத்து, அஃது இன்னொரு முறை நிகழும் என்று வீட்டில் எவரும் எண்ணவில்லை. பேரன் அதனைப் பதிவுசெய்ய முனைந்தான். பல்கலைக்கழகத்திலே வரலாறு பயிலும் அவனுக்கு மின்னியலறிவு அதிகம் இல்லை. "இரண்டும் ஒரே இடத்திலயிருந்து" என்ற வார்த்தை மாத்திரமே அவனுக்கு வழிகாட்டியாயிற்று.

முதலில், வீடியோப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து கையடக்க ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல் வாங்கினான். அதன் தலையிலே இரு சிறிய ஒலிவாங்கிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டவாறு, 90 பாகையில் அமைந்திருந்தன. இதனை எக்ஸ்-வை முறை என்பர். ஒத்திகையின்போது விறாந்தையில் வைத்துப் பதிந்து, செவிக்குழலிற் கேட்டான். ஒலி தூய்மையாகத்தான் இருந்தது. ஆயினும் தவில்கள் இரண்டும் மண்டையின் நடுவே நெருங்கியடித்துக்கொண்டு இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. இவ்வமைப்பில் ஒலிவாங்கிகள் இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதால், ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடைகிறது; வலுவில் உண்டாகும் வேறுபாடு மட்டுமே இடம் வலம் காட்டும். ஒலிமூலங்கள் ஏறத்தாழ 180 பாகைக்கு விரிந்திருந்தாலன்றி அது இரு காதுகளுக்கிடையிலான வெளியை முழுதாக நிரப்பாது. நாலு மீற்றர் அகலமான மேடையை இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து நோக்கினால் விரிவு 90 பாகை மாத்திரமே.

ஒரு புள்ளியில் இரு ஒலிவாங்கி என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் அலன் புளும்லீன், சினிமாக் கொட்டகையிலே நடிகர் திரையின் ஒருபுறம் நிற்க, குரல் வேறொரு புறத்திலிருந்து வந்ததைக் கண்டு எரிச்சலுற்றவர் என்பர். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்தே ஸ்டீரியோவின் வரலாறு தொடங்குகிறது எனலாம். அவர் பெயராலே வழங்கும் அமைப்பில் உள்ள ஒலிவாங்கிகள் எட்டு வடிவ ஏற்புடையவை. முன்னாலும் பின்னாலும் சமமாகக் கேட்பவை. நல்ல மண்டபத்தில் அது அற்புதமான முறை. கோவில் வீதியிலோ பின்னால் இருப்பவை கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டும்.

அடுத்து, இரு ஒலிவாங்கிகளை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் நிறுத்திப் பார்த்தான். இதுவே ஏ-பி முறை. செவிக்குழலிற் கேட்டபோது விறாந்தை கோவில் வீதிபோல் விரிந்தது. தவில்கள் இரு கரைகளுக்கும் போயின. ஆனால் நாதசுரம் நடுவில் நிலைகொள்ளாது மிதந்தது. அதே பதிவைக் கைத்தொலைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியிற் போட்டபோது தவிலின் நாதம் கோதுபோல் உள்ளீடின்றிக் கேட்டது. ஒரே அடி இரு ஒலிவாங்கிகளையும் வெவ்வேறு கணங்களில் அடைகிறது. பின்னர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்களிற் பாதிப்பேர் இதனைத் தொலைபேசியிலேயே கேட்கப்போகின்றனர் என்பதை அவன் மறக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 1974இல் கலைக்கப்பட்ட பிரெஞ்சு அரச ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரால் ஓ.ஆர்.ரி.எவ். என வழங்குவது அது. முன்னிருந்து வருவதை நன்கு ஏற்று, பின்னிருந்து வருவதைப் பெரிதும் விலக்கும் இதயவடிவ ஏற்புடைய ஒலிவாங்கிகள் இரண்டினை, 17 சென்ரிமீற்றர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைத்தல் வேண்டும். 17 சென்ரிமீற்றர் என்பது மனிதனுடைய இரு செவிகளுக்கிடையிலான தூரத்தை ஒட்டியது. எமது வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். ஆகவே, முற்றாகப் பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு ஒலிவாங்கியைவிட மற்றதை அரை மில்லி செக்கன் பிந்தியே அடையும். அவ்வளவு சிறு பிந்துதலைக் கொண்டுதான் இருட்டிலே நாய் குரைக்கும் திசையையும் நாம் அறிகிறோம். இம்முறைக்கு ஒலிமூலங்கள் சுமார் 95 பாகைக்கு விரிந்திருந்தாற் போதும். மேடைக்கு இரண்டு மீற்றர் முன்னே நின்றால் கணக்கு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. ஒற்றை ஒலிபெருக்கியிற் கேட்டாலும் பெருஞ் சேதம் இல்லை.

கொழும்பிலே ஒலிப்பதிவுத் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் சிறிய கொண்டென்சர் ஒலிவாங்கிகள் இரண்டினை அனுப்பிவைத்தார். இயங்குசுருள் ஒலிவாங்கிகள் முரட்டுத்தனமான வேலைக்குப் பெயர்பெற்றவை. பாடகரின் வாயருகே வைப்பதற்கு அவையே போதும். இரண்டு மீற்றருக்கு அப்பால் விரற்கூட்டின் ஓசையிலுள்ள மெல்லிய நொறுங்கலைப் பிடிப்பதற்குக் கொண்டென்சரே ஏற்றது. ஆனால் அது 48 வோல்ற்று மின்னழுத்தம் கேட்கும். ஈரப்பதன் பட்டால் பொரிந்து இரையும். கடற்காற்று அடிக்கும் எமது ஊரிலே அதனைத் திறந்து வைத்திருத்தல் ஆகாது. அவன் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட பிஸ்கற் தகரத்தினுள் அவற்றைப் பூட்டிவைத்தான். தச்சுப் பட்டறையிலே மரச்சட்டம் ஒன்றில் இரு துளையிடுவித்தான். இரு ஒலிவாங்கிகளையும் ஒட்டப் பிடித்து ஒரே அடியைப் பதிந்து, இரண்டும் ஒரே அளவில் கேட்கின்றனவா என்றும் சோதித்தான். ஒன்று சற்றுக் கூடக் கேட்குமாயின் சமா முழுவதும் ஒருபக்கம் சாய்ந்துவிடுமன்றோ.

இனி எஞ்சியது எங்கே நிறுத்துவது என்பது. நூல்கள் இதற்கு உதவவில்லை; மேற்குநாட்டு இசைக்குழுவைப் பற்றியே அவை பேசுகின்றன. நாதசுரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதன்று. திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருவது. அணசுக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டினால் சில சுரங்கள் குத்தும், சில பின்வாங்கும். ஆதலால் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்ப்பதே தக்கது. தவிலைப் பற்றியோ முதியவர் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புலப்பட்டது. தவிற்காரர் இருவரும் மேடையின் இரு ஓரங்களிலும் சற்றே உட்புறம் திரும்பி இருப்பர். இருவரும் வலக்கையில் விரற்கூடு அணிந்து வலந்தலையையும், இடக்கையிற் கழி பிடித்துத் தொப்பியையும் வாசிப்பவர்கள். சனத்தின் இடப்புறம் இருப்பவருடைய வலந்தலை சனத்தை நோக்கும். வலப்புறம் இருப்பவருடைய தொப்பிதான் சனத்தை நோக்கும். ஒருவரின் விரலும் மற்றவரின் கழியுமே முன்வரிசைக்கு மிகுதியாகக் கேட்கின்றன.

"அதுக்குத்தான் தம்பி, நாங்கள் இடம் மாறி இருக்கிறேல்லை" என்றார் அவர். "அண்ணைக்கு விரல். எனக்குத் தொப்பி."

ஒலிவாங்கிகளைத் தரையிலிருந்து இரண்டரை மீற்றர் உயர்த்துவது என முடிவாயிற்று. அவ்வுயரத்திலிருந்து நோக்கின் ஒவ்வொரு தவிலின் இரு முகங்களும் ஓரளவு சமமாகத் தெரியும்.

திருவிழா இரவிலே வேறு தொல்லைகள். பந்தலின் கோடியில், 35 மீற்றர் தூரத்தில், கம்பத்திற் கட்டிய குழல் ஒலிபெருக்கியொன்று மேடையை நோக்கி நின்றது. அவ்வளவு தூரத்தைக் கடக்க ஒலிக்குச் செக்கனிற் பத்திலொரு பங்கு வேண்டும். ஒவ்வோர் அடியும் இருமுறை கேட்கும். இதயவடிவ ஒலிவாங்கிகளின் முதுகு அப்பக்கம் இருந்தமையாற் பெரும்பகுதி விலகிற்று. எஞ்சியதற்காக ஒலிபெருக்கிக்காரரிடம் வெற்றிலையும் தேநீரும் கொடுத்து, அக்குழலைத் தெருப்பக்கம் திருப்புவித்தான். சோளகக் காற்றுக்கு மயிர்த்துணி உறை. ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, உச்ச அடிக்கு மேலே 12 டெசிபெல் இடம் விட்டான். அவ்வசதியை நிறுத்தாவிடின், தவிலில் ஓங்கி ஓரடி விழுந்ததும் நாதசுரம் பதுங்கிப் பின் மெல்ல எழும். பழைய கசற்றுகளிலே இக்கூத்தைப் பலரும் கேட்டிருப்பர். படம் பிடிக்க வந்தோர் இருமுறை கம்பத்தைத் தட்டினர். அந்த இரண்டு முழக்கங்களும் பதிவில் உள்ளன.

முதியவர் வலப்புறத்தில், தமது பழைய இடத்தில் இருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் வாசித்தல் கூடாதென வீட்டிலே சொல்லியிருந்தார்கள். நாற்பது நிமிடம் வாசித்தார்.

மறுநாள் மாலை அதே விறாந்தை. பேரன் செவிக்குழலை அவர் காதுகளில் மாட்டிவிட்டான். சிறிது நேரம் அசையாதிருந்தவர், தனி தொடங்கியதும் முகஞ்சுளித்தார்.

"மாறிப் போட்டிருக்கிறாய்."

"இல்லை, அப்பப்பா. சரியாத்தான் இருக்கு."

"பெடியன் எனக்கு வலப்பக்கமெல்லோ இருந்தவன். இதில இடப்பக்கம் கேக்குது."

பதிவு சனத்தின் பக்கமிருந்து எடுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாக அவர் கேட்டது மேடையின் பக்கமிருந்து. பேரன் விளக்க வாயெடுக்குமுன்பே அவர் செவிக்குழலைக் கழற்றி, இடதை வலத்திலும் வலதை இடத்திலும் மாற்றி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். தொடையிலே விரல்கள் மெல்ல அசைந்தன.

"இப்ப சரி. அண்ணையின்ர மேன் மூண்டாஞ் சுத்தில கொஞ்சம் ஓடிப்போட்டான், என்ன? நான்தான் பிழைவிட்டனோ எண்டு இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். திருப்பிப் போடு, பாப்பம்."