எட்டாத கொக்கி

திங்கள்

டாக்டர் சீட்டின் கடைசி வரியில் பிசியோதெரபி என்று எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இடது கையை அவர் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். உள்ளே தாழ் போட்ட கதவு மாதிரி நின்றுவிட்டது. "நீங்க தூக்கினாலும் போகல, நான் தூக்கினாலும் போகல. ஃப்ரோசன் ஷோல்டர்தான். சுகர் இருக்கா?"

இருக்கிறது. சர்க்கரைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரை என்றால் நேரே மெடிக்கலில் சீட்டை நீட்டிவிடலாம். பிசியோ என்றால் தினமும் போகணும், அலுவலகத்தில் பெர்மிஷன் கேட்கணும். போனால் அங்கே என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது. ஆனால் உள்பாடிக் கொக்கியை முன்பக்கம் மாட்டிப் பின்னால் சுற்றி விடுவதும், கொடியில் துணி போட ஸ்டூல் தேடுவதும் சித்திரையிலிருந்தே நடக்கிறது. இடப்பக்கம் படுத்தால் தூக்கம் கிடையாது.

செவ்வாய்

சத்திரப்பட்டியில் எங்கள் அலுவலகம். இந்தப் பக்கத்து விசைத்தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியும் காஜ் துணியும் எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. அதற்குக் கணக்கு எழுதுகிறவள் நான். ஊர்க் காயத்துக்கெல்லாம் துணி அனுப்புகிற இடத்தில் வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? லோடு ஏற்றுகிற அண்ணன் புத்தூர் கட்டு போடச் சொன்னார். ஏற்கெனவே இறுகிப்போன மூட்டைக் கட்டி வேறு வைப்பதா? எலும்பு முறிந்தவருக்கு அது சரி, எனக்கில்லை. கூட்டிப் பெருக்க வரும் அக்கா காயத்திருமேனித் தைலத்தைச் சூடு காட்டித் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தாயிற்று. தலையணை உறைதான் மஞ்சளானது.

பில் போடுகிற பெண் சொன்னதுதான் பயமுறுத்தியது. அவள் மாமனாருக்கும் இதே தோள். ஓரிடத்தில் படுக்கப்போட்டுக் கையைப் பிடித்து மேலே இழுத்தார்களாம். அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டதாம். "வலிச்சாத்தான் இளகும்" என்றார்களாம். மறுநாளிலிருந்து அந்தத் தெருப்பக்கமே அவர் போகவில்லை.

வியாழன் இரவு

மகன் போனில் தேடி எடுத்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு படித்தேன். இந்த நோய்க்கு இந்தப் பெயரை வைத்தவர் எர்னஸ்ட் காட்மேன் என்கிற அமெரிக்க டாக்டர், 1934இல். வைத்தியம் பார்ப்பது கடினம், ஏன் வருகிறதென்று விளக்குவதும் கடினம், ஆனாலும் குணமாகிவிடும் என்பது அவர் கட்சி. மூட்டைச் சுற்றியுள்ள உறை அழன்று, தடித்து, சுருங்கிப்போகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்ல இளக்கம். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருஷம். நூறு பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வருகிற இது, சர்க்கரைக்காரர்களில் பத்திலிருந்து இருபது பேருக்கு வருகிறதாம். டாக்டர் ஏன் கேட்டார் என்பது இப்போது விளங்குகிறது.

தானாகப் போகிற நோய்க்கு எதற்கு பிசியோ? இந்த இடத்தில்தான் ரொம்ப நேரம் நின்றேன். நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருஷம் கவனித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு வலியைத் தாண்டியும் இழுத்து நீட்டும் கடும் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு நோயை விளக்கிச் சொல்லி, வலிக்காத அளவுக்குள் கையை ஆட்டச் சொன்னதோடு சரி. இழுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்குத் தோள் நன்றாகத் திரும்பியது, இழுக்காதவர்களில் 89. பில் போடும் பெண்ணின் மாமனார் ஓடி வந்ததில் தப்பே இல்லை.

பிரிட்டனில் 503 பேரை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வு 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. மயக்கம் கொடுத்துத் தோளைத் திருப்பிவிடுவது, துளை போட்டு உறையை வெட்டிவிடுவது, ஊசியோடு பிசியோ என்று மூன்று வழி. வருஷ முடிவில் மூன்று கூட்டமும் தேறியிருந்தன, எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் வெட்டாத வழியே எனக்குப் போதும். அந்த ஊசி ஸ்டீராய்டு; போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். அதைத் தனியாக டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.

சனி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் மேல்கம்பி எட்டவில்லை, சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம். ஆடிப்பூரம் நெருங்குவதால் ஊரில் இப்போதே கூட்டம். அண்ணன் வேலை பார்க்கிற பால்கோவாக் கடையில் முதலில் நுழைந்தேன். (2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பால்கோவா; எனக்கு மோப்பம் மட்டும்.) பின்கட்டில் விறகடுப்பு, அகன்ற இரும்பு வாணலி, பால் பாதிக்கு மேல் சுண்டியிருந்தது. மாஸ்டர் நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டிக்கொண்டே இருக்கிறார். கை ஓயவில்லை. முப்பது வருஷமாக இதே வேலையாம், தோள் வலித்ததே இல்லையாம். கொஞ்ச நேரம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகவில்லை. இடுப்பிலிருந்து ஆள்தான் முன்னும் பின்னும் ஆடுகிறார்; கை அதற்குப் பின்னால் போகிறது.

வீட்டில் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். நான் இருக்கும்போதே அந்தப் பெண் வந்தாள். மெஷின், மெழுகு எதுவும் கிடையாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மா தன் நல்ல கையால் மற்ற கையைக் கோத்துத் தூக்க, அவள் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு எண்ணினாள். அவ்வளவுதான். "இதுக்கு ஒரு ஆளா? நானே எண்ணுவேனே" என்று மதினி முனகினாள்.

நம் ஊரில் வைத்தியம் என்றால் பிறத்தியார் நமக்குச் செய்வது. ஊசி, தைலம், கரண்ட் வைப்பது எல்லாம் அந்தக் கணக்குதான். வேலையை நம்மிடமே தள்ளுகிறவளுக்கு எதற்குக் காசு என்று மதினிக்கு மட்டுமா தோன்றுகிறது? எனக்கும் திங்கள் முதல் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் பெரியம்மா தோளைக் காதுவரை தூக்கிக் கையை ஏமாற்றி உயர்த்தியபோது அந்தப் பெண் உடனே இறக்கச் சொன்னாளே, அதை மதினி கண்டுபிடித்திருக்க மாட்டாள். கொடியில் துணி போடும்போது நானும் அப்படித்தான் தூக்குகிறேன்.

வாசலில் என் தோளைப் பற்றிக் கேட்டேன். தன் வேலை வீட்டோடு கிடப்பவர்களுக்கு என்றாலும் பதில் சொன்னாள். "யார்கிட்ட வேணா போங்கக்கா. கோணம் அளந்து எழுதுவீங்களா, வீட்ல செய்யக் கத்துக்குடுப்பீங்களா, இழுப்பீங்களா, இது மூணையும் கேட்டுட்டுப் போங்க." அண்ணன் குறுக்கே விழுந்து, பூரத்துக்குள் சரியாகிவிட்டால் தங்கச்சி தேர்வடம் பிடிக்கலாமா என்றான். "இந்த வருஷம் கும்பிட மட்டும்" என்றாள், சிரித்துக்கொண்டே.

திங்கள்

ராஜபாளையத்தில் இரண்டு இடத்துக்குப் போன் போட்டேன். முதலாவதில் என் வயதைக்கூடக் கேட்காமல் பத்து சிட்டிங் பேக்கேஜ் என்றார்கள். இரண்டாவதில், "பார்க்காம எப்படிம்மா சொல்றது, எக்ஸ்ரேயும் சுகர் ரிப்போர்ட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். இரண்டாவதுக்குப் போகிறேன்.

புதன்

வெளிப்பக்கம் திரும்புவது பதினைந்து டிகிரி. பிசியோ கோணமானியை வைத்து அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதினார். வலக்கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, இடக்கையைத் தொங்கவிட்டு, இடுப்பை ஆட்ட வேண்டும். கை தானாக ஆடும். நான் கையை ஆட்டிவிட்டேன். "கையில்லம்மா, உடம்பு" என்றார். பால்கோவா மாஸ்டரை நினைத்துக்கொண்டு ஆடினேன், வந்தது.

தினமும் வர வேண்டாமாம். வீட்டில் காலையும் மாலையும் செய்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வந்தால் போதும். மூன்று மாதச் சர்க்கரை எட்டரை என்பதைப் பார்த்துவிட்டு, அதைக் குறைக்காமல் தோளை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்றார். மேனேஜரிடம் புதன்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். கணக்கு முடிக்கும் வாரத்தில் முடியாது என்கிறார். அந்த வாரம் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லணும்.