இடம்பெயர்ந்த ஈசன்: மயிலையில் ஒரு பகல்

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தலயாத்திரையாக வரும் தமிழ் அன்பர்கள் பலர், காஞ்சி, சிதம்பரம், திருவண்ணாமலை என்று நாள்களைப் பங்கிட்டுவிட்டு, ஊர் திரும்பும் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஒரு பகலை மட்டும் சென்னைக்கு ஒதுக்குகிறார்கள். அந்தப் பகலும் பெரும்பாலும் தியாகராய நகரின் பட்டுச் சேலைக் கடைகளில் கரைந்துவிடுகிறது. கடைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவை இரவு வரை திறந்திருக்கும். கபாலீசுவரர் திருக்கோயிலோ நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். ஆகவே காலைப்பொழுது மயிலாப்பூருக்கே உரியது.

1906-இல் எழுப்பப்பெற்ற கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரம். அதன் வழியே நுழைவோர் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்துதான் சுவாமியைத் தரிசிக்க வேண்டும். கபாலீசுவரர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். கற்பகாம்பாள் தெற்கு நோக்கி அருள்கிறாள். தலவிருட்சமான புன்னையின் கீழ் அன்னை மயில் உருவில் ஈசனைப் பூசித்த கோலத்தையும் காணலாம். இத்தலத்துக்கு மயிலை என்ற பெயர் வந்த வரலாறு அதுவே.

பூம்பாவையின் கதையை அறியாத சைவர் இலர். அரவு தீண்டி இறந்த மகளின் சாம்பலைக் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார். அப்பதிகத்தில் பாட்டுக்கு ஒரு விழாவாக மயிலையின் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம். இவற்றோடு மாசிக் கடலாட்டும் உண்டு. அந்த ஒரு விழாவைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பந்தர் கண்ட கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது. அருணகிரிநாதர் பாடியதும் கடலோரக் கோயிலையே. பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துகீசியர் ஆதிக்கத்தில் அது அழிந்தது என்பர். அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. பின்னர் அடியார்கள் கடலைவிட்டு உள்ளே தள்ளி, இன்றைய இடத்தில் ஈசனுக்கு மீண்டும் கோயில் எடுத்தார்கள்.

கடல் கடந்து குடியேறி, தோட்டத்து மண்ணில் முதலில் ஒரு கொட்டகையும் பிறகு ஒரு கோபுரமுமாகக் கோயில் கட்டிய பரம்பரையினருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. ஈசனே ஒருமுறை குடிபெயர்ந்த தலம் இது.

குளக்கரையில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு மாட வீதிகளைச் சுற்றி வரலாம். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் பவனி வரும் வீதிகள் இவை. அன்று நிற்கவும் இடமிராது. மற்ற நாள்களில் பூக்கடைகளையும் பூசைப் பாத்திரக் கடைகளையும் பார்த்தபடி நிதானமாக நடக்கலாம். பேயாழ்வார் அவதரித்த ஊரில் கேசவப் பெருமாளைச் சேவிக்காமல் திரும்புவது முறையன்று. வெள்ளீசுவரரும் முண்டகக்கண்ணி அம்மனும் நடக்கும் தூரத்திலேயே இருக்கிறார்கள். ஒரே காலையில் ஏழு சிவாலயங்களையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவோர் உண்டு. எண்ணிக்கை சேரும், தரிசனம் சேருமா என்பது ஐயமே.

நடை சாத்திய பின் தியாகராய நகருக்குச் சென்று வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

பிற்பகலில் அடையாறு. 1882-இல் இங்கு வந்தமைந்த பிரம்மஞான சபையின் தோட்டத்தில், சுமார் 450 ஆண்டு பழமையானதாகச் சொல்லப்படும் ஆலமரம் நிற்கிறது. பார்வையாளருக்கு அனுமதி நேரம் குறுகியது; முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது. முதன்முறை வருவோர் அடிமரம் எங்கே என்று தேடுவார்கள். 1989-இல் வீசிய புயற்காற்றில் அது சாய்ந்துவிட்டது. ஆயினும் விழுதுகள் ஊன்றிய இடமெல்லாம் மரம் தழைத்து, நிழல் பரப்பிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் அருகில்தான். 1976-இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலில் சன்னிதிகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மேலே செல்லப் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்நிலையில் ஆதிலட்சுமியைத் தொழுதுவிட்டு மணலில் இறங்கி அமரலாம்.

எதிரே வங்கக் கடல். இதே கரையில், வடக்கே சில மைல் தொலைவிலுள்ள துறைமுகத்திலிருந்துதான் 'ரஜூலா' கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்களை ஏற்றிச் சென்றது. தாத்தாவோ பாட்டியோ அதில் போனவர்கள்தாம் என்று சொல்லும் அன்பர்கள் பலர். அவர்கள் இங்கே கால் நனைத்து, கைப்பிடி நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். இரவு விமானத்துக்கு இன்னும் நேரமிருக்கும். கபாலீசுவரர் கோயில் நடையும் இதற்குள் மீண்டும் திறந்திருக்கும்.