தண்ணீர் குறைந்தால் தக்காளி இனிக்குமா?



வீட்டின் பின்புறத்தில் ஆண்டுதோறும் சில தக்காளிச் செடிகளை வளர்ப்பது என் வழக்கம். செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அவற்றைக் கண்டு, “தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள் ஐயா, பழம் இனிக்கும்” என்றார். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

தக்காளிப் பழத்தின் எடையில் 100-க்கு ஏறத்தாழ 95 பங்கு நீரே. எஞ்சிய 5 பங்கில்தான் சர்க்கரை, புளிப்பு, உயிர்ச்சத்து ‘சி’, செந்நிறம் தரும் லைக்கோபீன் முதலியன அடங்கியுள்ளன. வேருக்கு நீர் குறையுமானால் பழத்திற்குச் செல்லும் நீரும் குறையும். பழம் சிறுக்கும், சுவை செறியும்.

1970-ஆம் ஆண்டில் ஜப்பானின் கோச்சி மாநிலத்தைப் புயல் தாக்கியபோது, கடல்நீர் வயல்களுள் புகுந்தது. அவ்வுப்பு மண்ணில் பின்னர் விளைந்த தக்காளி சிறியதாயிருந்தது. ஆனால் மிக இனித்தது. உப்பு மண்ணிலிருந்து வேர்கள் நீரை எளிதில் உறிஞ்ச இயலாமையே அதற்குக் காரணம்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பழத்தில் 5 கிராம் சத்துப் பொருள் இருப்பதாகக் கொள்வோம். நீர் 20 கிராம் குறைந்தால் பழம் 80 கிராம் ஆகும். சத்தோ அதே 5 கிராம்தான். நாவுக்கு இனிப்புக் கூடியது. வயிற்றுக்குக் கூடியது ஒன்றுமில்லை. சில வகைகளில் உயிர்ச்சத்தும் லைக்கோபீனும் சற்று மிகுவதுண்டு, சிலவற்றில் மிகுவதில்லை. நீரை மேலும் குறைத்தாலோ பூக்கள் உதிரும். சுண்ணாம்புச் சத்து பழத்தின் நுனியை எட்டாமல், அடிப்பகுதி கறுத்து அழுகும்.

நம் ஜொகூரில் மழையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காய்ந்த மண்ணில் திடீரெனப் பெருமழை பெய்தால், பழம் விரைந்து பருத்துத் தோல் வெடிக்கும். ஆகவே தொட்டிகளைக் கூரையோரம் மழை படாமல் வைத்தல் நலம். காய் பிடித்துப் பருக்கும்வரை ஒழுங்காக நீர் ஊற்றுங்கள். நிறம் மாறத் தொடங்கிய பின்னர்ச் சிறிதளவே குறையுங்கள். இலை வாடுமளவுக்குக் குறைக்கலாகாது.

பெற்றோர்களே, சந்தையில் விற்போர் இனிப்புக்கென்றே கூடுதல் விலை பெறலாம். நாமோ இரண்டு மூன்று செடிகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு ரசமும் குழம்பும் வைப்பவர்கள். நமக்குச் சுவையோடு விளைச்சலும் வேண்டும்.

மாணவர்களே, இரு தொட்டிகளில் ஒரே வகைச் செடியை நட்டு, ஒன்றுக்கு மட்டும் நீரைக் குறைத்துப் பாருங்கள். சுவையை நாவாலும் எடையைத் தராசாலும் அறிந்து, ஏட்டில் குறித்து வையுங்கள். பிறகு எது நன்றென்று நீங்களே கூறுங்கள்.