முழு வருகைப் பரிசு

மகனுக்கு ஆஸ்துமா. நாங்கள் இருக்கும் சுங்கை வேயில் புகைமூட்டம் எட்டிப் பார்த்தாலே இரவெல்லாம் இழுப்புதான். 2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகளையே மூடினார்கள்; அப்போது வருகைப் பதிவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் மூச்சு முட்டினால்தான் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்று, கடிதம், விளக்கம் எல்லாம்.

வருகை முக்கியம்தான்; 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். நல்ல சட்டம்தான், தோட்டப்புறப் பிள்ளைகள் பாதியில் நின்ற கதை நமக்குத் தெரியாததா? நோயுற்ற பிள்ளைகளுக்காக மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடத்துவதும் நம் கல்வி அமைச்சுதான். அது வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு. வீட்டில் இருமிக்கொண்டிருப்பவனுக்கு? வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பும் டீச்சர் அமைந்தால் உண்டு. எங்களுக்கு அமைந்தார், புண்ணியவதி.

முழு வருகைக்குப் பரிசு கொடுப்பதை மட்டும் பள்ளிகள் நிறுத்தலாம். அதற்காகவே காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் எம்.சி. எடுப்பது பக்கத்து நாற்காலிப் பிள்ளை.