ஆறு காட்டிக்கொடுக்கும், மண் காட்டாது

கோலா குபு பாருவில் "பாரு" என்றால் புதியது. பழைய ஊரை ஆறு விட்டுவைக்கவில்லை. 1883-இல் அணை உடைந்தது. பக்கத்திலிருக்கும் அம்பாங் பெச்சா என்ற பெயரிலேயே அந்த உடைப்பு இருக்கிறது. பிறகு ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து, வெள்ளம் ஓயாமல், ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். மேலே யாரோ தோண்டியதற்குக் கீழே இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

இப்போது மண்ணோடு எண்ணெயும் சேர்ந்துகொண்டது. 2019 ஜூலையில் சுங்கை சிலாங்கூரில் டீசல் கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங், சுங்கை கோங் தொழிற்பேட்டைக் கழிவால் மீண்டும் அதே நான்கு. ஏறக்குறைய 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. வானொலியில் தண்ணீர்த் தடை அறிவிப்பு வாசிக்கும் எங்களுக்கு அந்த வட்டாரப் பெயர்கள் மனப்பாடம்.

ஆறாவது நாறும், சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். தரையில் சொட்டும் டீசலுக்குக் குழாயை அடைத்து அறிவிப்புத் தர யாருமில்லை. அது மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. தேடிப் போனால்தான் அகப்படும். முதலில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். பிறகு துளைபோட்ட குழாய்களை இறக்குகிறார்கள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். அளவு நாடாவின் நுனிக் கருவி எண்ணெயைத் தொட்டால் ஒரு மாதிரியும் தண்ணீரைத் தொட்டால் வேறு மாதிரியும் ஒலிக்கும். ஒரு தடவை அளந்தால் போதாது. மழையில் நீரோடு உயரும் எண்ணெய், வறட்சியில் இறங்கும்போது வழியெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழை அதைக் கழுவும்.

கிணற்றை நம்பிய ஊரில் இது என்ன செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புப் பாறை வழியே சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போனது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் மக்கள் வருடக்கணக்கில் வெளித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

இங்கே சுற்றுச்சூழல் துறை, மாசடைந்த நிலத்தை ஆராய 2009-இல் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டிதான், சட்டமல்ல. பெரிய எண்ணெய் நிறுவனம் நிலத்தை விற்கும்போது துளையிடுவார்கள்; தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னாலிருக்கும் தொட்டிக்கு யார் துளையிடுவது?

கோலசிலாங்கூருக்குப் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்படியொரு தொட்டியைப் பார்த்தேன். சுற்றுச்சுவர் கிடையாது. குழாய்க்கு அடியில் லாலாங்கூட முளைக்காத கறுப்புத் திட்டு, ஒரு பாய் அகலம். பத்தடி தள்ளி வடிகால், அதில் அன்றைய மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.