குரங்கின் மேல் பழி

என் பக்தி எங்கே போயிற்று என்று கேட்பவர்களிடம், "எல்லாம் டார்வின் செய்த வேலை; மனிதனுக்கு மூதாதை ஒரு குரங்கினம் என்றாரே!" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வேன்.

அவர் சரித்திரத்தைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அவருடைய நம்பிக்கை ஒரே நாளில் உதிரவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1851-ல் பத்து வயது மகள் ஆன்னி இறந்தாள். உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வெளிவந்ததோ 1859-ல். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி எம்மாவும் குழந்தைகளும் தேவாலயத்துக்குள் போவார்கள். அவர் தனியே உலாவப் போய்விடுவாராம்.

எனக்கும் ஒரு தங்கை இருந்தாள். ஏழு வயதில் விஷ ஜுரம் கொண்டு போயிற்று. அப்போது டார்வின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. தீட்டுக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மாவைக் கோவில் வாசல் வரை கொண்டு விட்டு வெளியிலேயே நின்றேன். அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உள்ளே வா" என்று சொல்லவில்லை.